பெருமாள் திருப்பி அனுப்பின மனு

குருன்னா தாடி இருக்கணும், காவி இருக்கணும், கண்ணை மூடுனா மணிக்கணக்கா தொறக்காம இருக்கணும்னு நாம நெனப்போம். இந்தக் கதையில வர்ற குருவுக்கு இதுல ஒண்ணும் கெடையாது. வயசு முப்பத்திரண்டு. பேரு பிலோமினா. காது கேக்காத பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல வாத்திச்சி. வியாழக்கிழமை மட்டும் காலையில பத்து மணிக்குத் துணிப்பையும் கையுமா ஜெயில் கேட்டுல வந்து நிப்பாங்க. வார்டர் அருமைராஜ் பையைத் தடவிப் பாத்து, சோத்து டப்பாவைத் தொறந்து மோந்து பாத்து, "இன்னைக்கும் லெமன் சாதந்தானா டீச்சர்"னு அவருதான் பட்டினி கெடக்கப்போற மாதிரி அலுத்துக்கிட்டு உள்ள விடுவாரு.

சீடருக்கு வயசு அம்பத்தாறு. பேரு மாசானம். சீடர்னு அவரு காதுபடச் சொல்லிராதீங்க. "நானா? அந்தப் பிள்ளைக்கா? நான் மனு எழுத ஆரம்பிச்ச வருஷம் அதுக்குப் பேச்சு வந்திருக்குமா என்னமோ"ம்பாரு.

மாசானம் தாலுகா ஆபீஸ் வாசல்ல, வேப்பமரத்தடியில, இருபத்தாறு வருஷம் மனு எழுதினவரு. படிச்சது எட்டாம் வகுப்பு. ஆனா பட்டா மாறுதலா, முதியோர் பென்சனா, அண்ணன் தம்பி வரப்புத் தகராறா, எதைச் சொன்னாலும் "சமூகம் ஐயா அவர்கள்"னு ஆரம்பிச்சு "ஆவன செய்யுமாறு"ன்னு முடிக்கிறதுக்குள்ள மூச்சு விடமாட்டாரு. தான் எழுதின ஒரு மனுகூட குறை சொல்லித் திரும்பி வந்ததில்லன்னு அவருக்கு அப்படி ஒரு பெருமை.

அதே மரத்தடிக்கு ஒரு நாள் வேலாயுதபெருமாள்னு ஒருத்தர் டைப்ரைட்டரோட வந்து உக்காந்தாரு. மாசானத்துக்கு எதிர்வீட்டுக்காரருதான். ஜனம் டைப் அடிச்ச மனுன்னா ஆபீசர் எந்திரிச்சு நின்னு வாங்குவாருன்னு நெனச்சு அந்தப் பக்கம் சாஞ்சிருச்சு. பதினோரு மாசம் மாசானம் பல்லைக் கடிச்சாரு. பெறவு ஒரு திங்கக்கிழமை அந்த டைப்ரைட்டரை ரெண்டு கையாலயும் தூக்குனாரு. அது விழுந்த எடம் பெருமாளோட வலது கை.

அஞ்சு வருஷம் ஜெயில். மூணே முக்கா முடிஞ்சிருச்சு. நன்னடத்தைக் கழிவு போக, இன்னும் ஏழு மாசத்துல விடுதலை.

அங்கதான் சிக்கல். உள்ள இருக்கறவன் எல்லாம் வெளிய போறத நெனச்சுச் சந்தோசப்படுவான். மாசானம் வெளிய போறத நெனச்சா சோத்துத் தட்டைத் தள்ளி வச்சுருவாரு. வீட்டை விட்டு எறங்குனா எதிர்வீட்டுல பெருமாள். தாலுகா ஆபீஸ் போனா மரத்தடியில பெருமாள். மாசானத்தோட பொண்டாட்டி இந்த மூணே முக்கா வருஷமா முன்வாசல்ல கோலம்கூட போடுறதில்ல, கொல்லைப்பக்கமாவே போய் வந்துக்கிட்டு இருக்கு. "பெருமாள் மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டான்னா நான் முன்வாசல் வழியா போயிருவேன். அது இல்லாம எந்தக் காலை முதல்ல வைக்கன்னே எனக்குத் தெரியல"ன்னு பக்கத்துப் பாயில படுக்கறவன்கிட்ட சொல்லுவாரு.

அதுக்காகத்தான் டீச்சரோட குழுவுல போய்ச் சேந்தாரு. ஜெயில் தறிக்கூடத்துல வட்டமா உக்காரணும். ஒரு அலுமினிய டம்ளர் சுத்தி வரும். டம்ளர் எவன் கையில இருக்கோ அவன் மட்டும் பேசணும். என்ன செஞ்சோம், அதுனால யாருக்கு என்ன நோவு வந்துச்சு, அதுக்கு இப்ப நாம என்ன செய்யலாம், இவ்வளவுதான் பேச்சு. நோவுபட்டவங்க இஷ்டப்பட்டா நேர்ல வருவாங்க. இதுக்காக தண்டனையில ஒரு நாள்கூட குறையாதுன்னு டீச்சர் முத நாளே சொல்லிட்டாங்க. அன்னைக்கே நாலு பேரு எந்திரிச்சுப் போயிட்டானுவ, மிச்சம் பதினாலு பேரு. மாசானம் போகல. டம்ளரை வாங்கினவரு நாப்பது நிமிஷம் குடுக்கவும் இல்ல.

ஒரு வியாழக்கிழமை டீச்சர் சொன்னாங்க, "நீங்க நோவு குடுத்த ஆளுக்கு ஒரு கடுதாசி எழுதுங்க. அவங்க வாங்கிக்க சம்மதிச்சா நானே கொண்டுபோய்க் குடுப்பேன்."

அவ்வளவுதான். அன்னைக்குச் சாயங்காலம் மாசானத்தோட பாய்க்கு முன்னாடி கியூ நின்னுச்சு.

எருமை மாட்டைக் களவாண்டு ஓட்டிக்கிட்டுப் போகையில தடுக்க வந்த மாட்டுக்காரரோட காலை ஒடிச்ச சுடலைக்கண்ணு முதல்ல வந்து உக்காந்தான்.

"அண்ணாச்சி, அந்த மாட்டுக்காரருக்கு ஒண்ணு."

"பேரு, ஊரு, தேதி சொல்லு. மத்தது நான் பாத்துக்கிடுதேன்."

"என்ன எழுதுவிய?"

"அது எதுக்கு ஒனக்கு? டாக்டர் ஊசி போடும்போது உள்ள என்ன மருந்துன்னு கேப்பியா?"

சித்தப்பா மவன் மண்டையில மம்பட்டிக் கணைக்கட்டையால போட்ட மிக்கேல் அடுத்து வந்தான். மாசானம் எழுதினதை எட்டிப் பாத்துட்டுத் தலையச் சொறிஞ்சான்.

"அண்ணாச்சி, 'உயர்திரு'ன்னு போட்டிருக்கிய. அவன் என்கூட ஒரே தட்டுல தின்னவன். இதைப் பாத்தா வேற யாருக்கோ வந்துருக்குன்னு டீச்சர்கிட்டயே திருப்பிக் குடுத்துருவான்."

"மரியாதை குடுத்தாத்தாம்ல மன்னிப்பு வரும். பேசாம கையெழுத்தப் போடு."

கூலின்னு ஒண்ணும் வாங்கல. எழுதி முடிச்சதும் சத்தமா வாசிச்சுக் காட்டுவாரு, கேக்குறவன் "ஆகா அண்ணாச்சி"ன்னு சொல்லணும். சொல்லாதவனுக்கு ரெண்டாவது தடவை வாசிச்சுக் காட்டுவாரு. அதுக்குப் பயந்தே எல்லாரும் முத தடவையிலயே சொல்லிட்டானுவ.

அந்தக் கடுதாசி இப்படித்தான் இருந்துச்சு:

"பொருள்: மன்னிப்பு வழங்கக் கோருதல் தொடர்பாக.

ஐயா,

வணக்கம். மேற்படி சம்பவத் தேதியன்று எதிர்பாராத விதமாக ஏற்பட்ட நிகழ்வில் தங்களுக்குச் சேதாரம் உண்டாகிவிட்டது என்பதை மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். ஆகவே சமூகம் ஐயா அவர்கள் எனது குடும்பச் சூழ்நிலையைக் கருணையுடன் பரிசீலித்து, எனக்கு மன்னிப்பு வழங்க ஆவன செய்யுமாறு மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: நன்னடத்தைச் சான்று.

நகல்: சிறைக் கண்காணிப்பாளர் அவர்கள்."

மாசானம் பெருமாளுக்கு எழுதினதும் இதேதான். அதுல மட்டும் "கைதவறி"ன்னு நடுவுல ஒரு வார்த்தை சேக்கலாமான்னு யோசிச்சாரு. எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருந்தாத்தான் லட்சணம்னு விட்டுட்டாரு.

அடுத்த வியாழக்கிழமை பதினாலு கடுதாசியும் டீச்சர் கைக்கு வந்துச்சு. ஒவ்வொண்ணா வாசிச்சாங்க. மொகத்துல ஒண்ணும் தெரியல. மாசானம் அவங்க கண்ணையே பாத்துக்கிட்டு இருந்தாரு, எங்கயாச்சும் ஒரு "ஆகா" வருமான்னு.

வாசிச்சு முடிச்சதும் டீச்சர் ஒரு காரியம் செஞ்சாங்க. பேரும் ஊரும் இருந்த மேல்பாகத்தையும் கையெழுத்து இருந்த அடிப்பாகத்தையும் மடிச்சு ஊசி குத்துனாங்க. பதினாலையும் சீட்டுக்கட்டு மாதிரி கலைச்சாங்க. தரையில பரப்பி வச்சாங்க.

"அவங்கவங்க கடுதாசியை எடுத்துக்கிடுங்க."

பதிமூணு பேரு குனிஞ்சானுவ. குனிஞ்சவன் நிமிரல. கொஞ்ச நேரத்துல மிக்கேலும் இன்னொருத்தனும் ஒரே கடுதாசியோட ஆளுக்கொரு மூலையைப் புடிச்சுக்கிட்டு இழுக்கானுவ.

"இது என்னுது. இந்த 'கருணையுடன்'ல எனக்கு அழுகை வந்துச்சு, ஞாபகம் இருக்கு."

"எனக்கும் அங்கதான்டா வந்துச்சு."

சுடலைக்கண்ணு நாலு கடுதாசியை நெஞ்சோட அணைச்சு வச்சிருந்தான். "இதுல ஒண்ணாச்சும் என்னுதா இருக்கும் டீச்சர்"ன்னான்.

மாசானம் மட்டும் கால் மேல கால் போட்டு உக்காந்திருந்தாரு. டீச்சர் அவரைப் பாத்தாங்க.

"நீங்க எடுக்கலியா அண்ணாச்சி?"

"எழுதினவனே நான். எனக்குத் தெரியாதா டீச்சர்? எனக்குன்னு எழுதும்போது கை தானா ஒரு அழுத்தம் குடுத்திருக்கும்லா." எந்திரிச்சு வந்தாரு. ஒவ்வொண்ணா வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு. அரிசி வாங்குறவன் மாதிரி ஒண்ணைத் தடவிக்கூட பாத்தாரு. கடைசியில ஒண்ணை எடுத்து மேல தூக்கிக் காட்டினாரு. "இந்தா, இதுதான். இந்த 'தாழ்மையுடன்' இருக்குல்லா, அது என் நெஞ்சுலேருந்து வந்தது."

டீச்சர் ஊசியை எடுத்து மடிப்பைப் பிரிச்சாங்க. அது எருமை மாட்டுக்காரருக்கு எழுதினது.

தறிக்கூடமே சிரிச்சுச்சு. தூங்கிக்கிட்டு இருந்த வார்டர் அருமைராஜ் விசயம் என்னன்னே தெரியாம அவரும் சேந்து சிரிச்சாரு.

பதிமூணு பேரு அவனவன் கடுதாசியை வாங்கிக் கிழிச்சுப் போட்டுட்டு, தெரிஞ்ச எழுத்துல நாமளே எழுதுவோம்னு கெளம்பிட்டானுவ. மாசானம் மட்டும் தன்னுதைத் தேடி எடுத்து டீச்சர் கையில குடுத்தாரு.

"இவனுவளுக்கு மாட்டைத்தான் தெரியும், மனுவத் தெரியாது டீச்சர். இருபத்தாறு வருஷத்துல என் மனு ஒண்ணுகூட திரும்பினதில்ல. இதை அப்படியே பெருமாள்கிட்ட குடுங்க."

"அப்படியேவா?"

"ஒரு புள்ளி மாத்தாண்டாம்."

டீச்சர் பையில வச்சுக்கிட்டாங்க.

ரெண்டு வாரம் கழிச்சு அது திரும்பி வந்துச்சு. அதே தாள். பின்பக்கத்துல பென்சில்ல எழுத்து. ஒண்ணாப்பு பிள்ளை எழுதின மாதிரி ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு திசையில சாஞ்சு கெடந்துச்சு. பெருமாள் எடது கையால எழுதினதுன்னு டீச்சர் சொன்னாங்க. எழுத ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சாம், வேற யாரையும் எழுத விடலியாம்.

மாசானம் கண்ணாடியைத் தொடைச்சுப் போட்டுக்கிட்டு வாசிச்சாரு.

"தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. கீழ்க்கண்ட விவரம் இல்லாததால் மனு திருப்பப்படுகிறது. மிசினை தரையில போட்டிருக்கலாம்ல. ஏன் கையில போட்ட?"

அவருக்கு முதல்ல வந்தது துக்கமும் இல்ல, வெக்கமும் இல்ல. "திருப்பிட்டான் டீச்சர்"ன்னாரு. "என் மனுவத் திருப்பிட்டான். அதுவும் முறைப்படி திருப்பியிருக்கான், பாருங்க. தொழில் தெரிஞ்சவன்."

"கேள்விக்குப் பதில் என்ன அண்ணாச்சி?"

"இதுல என்ன இருக்கு. அடுத்த வாரம் தாரேன்."

அடுத்த வாரம் குடுத்தாரு. "ஆத்திரத்தின் காரணமாக நிதானம் தவறியதில்"னு ஒரு பக்கம். டீச்சர் வாசிச்சுட்டு, "தரையிலன்னு கேட்டிருக்காரு"ன்னு திருப்பிக் குடுத்தாங்க.

அதுக்கடுத்த வாரம் ஒண்ணு. "மேற்படி இயந்திரத்தின் அதிக எடை காரணமாகக் கைநழுவி"ன்னு ஒண்ணரைப் பக்கம். டீச்சர் அதையும் திருப்பினாங்க.

மாசானத்துக்குக் கோவம் வந்துருச்சு. டம்ளரைப் புடுங்காத குறையா வாங்கினாரு.

"டீச்சர், நான் வயசுல பெரியவன். நீங்களும் அவனும் சேந்துக்கிட்டு என்னை அலைய விடுதிய. அந்த மிசின் என்ன கனம்னு தெரியுமா? தூக்கிப் பாத்தாத்தான் தெரியும். நழுவிருச்சு. கோர்ட்டுலயும் அதைத்தான் சொன்னேன். என் பொண்டாட்டிகிட்டயும் அதைத்தான் சொன்னேன். நழுவினதுக்கு என்ன பதில் எழுத?"

டீச்சர் சுத்தும் முத்தும் பாத்தாங்க. தறிக்கூடத்து மூலையில நூல் எடை போடுற தராசு நிக்கும். அது பக்கத்துல இருபது கிலோ எடைக்கல்லு, இரும்பு, மேல புடி வச்சது.

"அதைக் கொஞ்சம் தூக்குங்க அண்ணாச்சி."

மாசானம் வீராப்பா போய் ரெண்டு கையாலயும் தூக்கி நெஞ்சளவுக்கு வச்சுக்கிட்டாரு.

டீச்சர் ஒரு பெஞ்சை அவரு முன்னால இழுத்துப் போட்டாங்க. பெஞ்சு மேல தன் வலது கையை விரிச்சு வச்சாங்க. நேரா அந்தக் கல்லுக்குக் கீழ.

அருமைராஜ் ஸ்டூலை விட்டு எந்திரிச்சாரு. "டீச்சர், கையை எடுங்க டீச்சர். உள்ள விட்டதுக்கு நான்லா கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"உக்காருங்க சார்"ன்னாங்க டீச்சர், அவரைத் திரும்பிக்கூட பாக்காம. "அண்ணாச்சி, அப்படியே வச்சிருங்க. கனம் தாங்க முடியலன்னா விட்டுருங்க."

மாசானம் நின்னாரு. ஒரு நிமிஷம். ரெண்டு நிமிஷம். கழுத்து நரம்பு பொடைச்சுருச்சு. வேர்வை மூக்கு நுனியில வந்து நின்னுச்சு.

"டீச்சர், கையை எடுத்துருங்க."

"வச்சிருக்கேன்."

"வெளையாடாதீங்க டீச்சர், நழுவுது."

"நழுவட்டும்."

அந்தக் கல்லு நழுவத்தான் பாத்துச்சு. ஆனா நழுவுறதுக்கு முன்னால மாசானம் இடுப்பைத் திருப்பி, ஒரு எட்டு தள்ளி, தொப்புனு தரையில போட்டாரு. சிமெண்டுத் தரை ஓட்டையாயிருச்சு. அருமைராஜ் அந்த ஓட்டையைப் பாத்து, "இதுக்கு யாரு மனு எழுதுறது"ன்னு மொனங்கினாரு.

மாசானம் மூச்சு வாங்கிக்கிட்டு நின்னாரு. டீச்சர் பெஞ்சு மேலேருந்து கையை எடுத்துச் சேலையில தொடைச்சாங்க.

"தரையில போடத் தெரியுதே அண்ணாச்சி."

யாரும் சிரிக்கல. மாசானம் அப்படியே பெஞ்சுல உக்காந்தாரு. டம்ளர் கீழ உருண்டு கெடந்துச்சு, எவனும் எடுக்கல. காது கேக்காத பிள்ளைங்களோட பத்து வருஷம் இருந்தவங்களுக்குச் சத்தமில்லாம உக்காந்திருக்கறது ஒரு பெரிய விசயம் இல்ல. டீச்சர் காத்திருந்தாங்க.

ரொம்ப நேரம் கழிச்சு மாசானம் பேசினாரு. மனு பாசை போயிருச்சு.

"கருப்பட்டி ஏவாரி ஒருத்தரு. இருபது வருஷமா என்கிட்டதான் எழுதுவாரு. அன்னைக்கு வந்தாரு. 'என்ன மாசானம், சௌக்கியமா'ன்னாரு. நான் தாளை எடுத்து வச்சேன். அவரு என்னத் தாண்டிப் போயி பெருமாள் கியூவுல நின்னுட்டாரு. போகும்போது 'வருத்தப்படாத'ன்னு தோளை வேற தட்டிட்டுப் போனாரு டீச்சர்."

"ம்."

"போயி மிசினைத் தூக்குனேன். தரையில போடத்தான் தூக்குனேன். சத்தியமா. அப்ப காத்து அடிச்சுச்சு. மனுவெல்லாம் பறக்குதுன்னு அவன் கையை மேசை மேல வச்சு அமுக்குனான்." மாசானம் தன் வலது கையைப் பெஞ்சு மேல வச்சுக் காட்டினாரு. உடனே எடுத்துக்கிட்டாரு. "ஒரு நொடி இருந்துச்சு டீச்சர். அந்த ஒரு நொடியில நான் யோசிச்சேன். மிசினை ஒடைச்சா ரிப்பேர் பாத்துட்டு வியாழக்கிழமையே வந்து உக்காந்துருவான். கை ஒடைஞ்சா வரமாட்டான்."

பக்கத்துல இருந்த சுடலைக்கண்ணு, "எய்யா"ன்னு மெல்லச் சொன்னான்.

"இதை எழுதுங்க அண்ணாச்சி"ன்னாங்க டீச்சர்.

"இதை எழுதினா அவன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுவானா? எதிர்வீட்டுக்காரன் டீச்சர். நழுவிருச்சுன்னா என்னைக்காவது மனசு எறங்குவான். குறி பாத்துப் போட்டேன்னு நானே எழுதிக் குடுத்தா ஏழு சென்மத்துக்கும் எறங்கமாட்டான்."

"எறங்காம இருக்கலாம்."

"பெறவு எதுக்கு எழுதணும்?"

"அவரு கேட்டிருக்காரு."

மாசானம் அன்னைக்கு ராத்திரியும் எழுதல, மறுநாளும் எழுதல. ஒருத்தன் வந்து பரோல் மனு எழுதச் சொன்னான், "போலே அங்கிட்டு"ன்னு வெரட்டிட்டாரு. செவ்வாக்கிழமை ஒரு தாளை எடுத்தாரு. பொருள் போடல, பார்வை போடல, ஐயா போடல. கருப்பட்டி ஏவாரியில ஆரம்பிச்சு அந்த ஒரு நொடி வரைக்கும் எழுதினாரு. நாலு எடத்துல எழுத்துப்பிழை. வாசிச்சுக் காட்டுங்கன்னு மிக்கேல் கேட்டதுக்கு மாட்டேன்னுட்டாரு.

மூணு வாரத்துக்குப் பெறவு பெருமாள் வந்தாரு.

ஆபீஸ் பக்கத்துல ஒரு சின்ன ரூம். நாலு நாற்காலி. மாசானம், டீச்சர், பெருமாள். நாலாவதுல அருமைராஜ், இந்தத் தடவை தூங்காம. பெருமாள் வெள்ளைச் சட்டை போட்டிருந்தாரு, பொத்தான் ஒண்ணு மாத்தி மாட்டியிருந்துச்சு. வலது கையை மடியில வச்சிருந்தாரு. மூணு விரல் மடங்காம, யாரையோ போகச் சொல்லுற மாதிரி நீட்டிக்கிட்டு நின்னுச்சு. மாசானம் அதைப் பாத்துட்டுத் தரையப் பாத்தாரு.

"கடுதாசி வாசிச்சேன்"ன்னாரு பெருமாள். "நெசமா?"

"நெசம்."

"வாயால சொல்லு."

மாசானம் சொன்னாரு. ஆரம்பத்துலேருந்து. இடையில தண்ணி வேணுமான்னு டீச்சர் கேட்டாங்க, வேண்டாம்னுட்டாரு. "கை ஒடைஞ்சா வரமாட்டான்னு நெனச்சேன்"ங்கற எடம் வந்ததும் நிறுத்திட்டாரு. பெருமாள், "ம், சொல்லு, சொல்லு"ன்னாரு, டைப் அடிக்க உக்காந்தவரு அடுத்த வரியக் கேக்குற மாதிரி. மாசானம் அதையும் சொல்லி முடிச்சாரு.

பெருமாள் நாற்காலியில நல்லா சாஞ்சு உக்காந்தாரு. மேல ஓடுற காத்தாடியப் பாத்தாரு.

"நாலு வருஷமாப் போகுது மாசானம். எம் பொண்டாட்டி தெனமும் சோறு போடும்போது கேப்பா. 'மிசின் வருதுன்னு தெரியுதுல்லா, கையை எடுத்தா என்ன? மரம் மாதிரி வச்சுக்கிட்டா இருந்திய?' டாக்டர் கேட்டான். உன் வக்கீல் கோர்ட்டுல கேட்டான். மூக்குப்பொடிக் கடைக்காரன்கூட கேட்டான் வே. கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்துருச்சு, நாமதான் மந்தமோன்னு. ராத்திரி படுத்துக்கிட்டுக் கையை எடுத்து எடுத்துப் பாப்பேன். டக்குனுதான் வருது. பெறவு அன்னைக்கு ஏன் வரல?"

மாசானம் வாயத் தொறந்தாரு. பெருமாள் அந்த நீட்டுன விரலாலயே இருன்னு காட்டினாரு.

"நீ குறி பாத்துட்ட. அப்ப எடுத்தாலும் நீ விட்டிருக்கமாட்ட. நான் மந்தம் இல்ல."

"நீ மந்தம் இல்ல பெருமாள்."

"இதை எம் பொண்டாட்டிகிட்ட வந்து சொல்லுவியா?"

"சொல்லுதேன்."

"உன் கடுதாசியை வாசிச்சுக் காட்டிட்டேன். அவ நம்பல. நீயே எனக்காகப் பொய்யா எழுதிக் குடுத்திருப்பன்னு சொல்லுதா. வந்து நேர்ல சொல்லணும்."

"அஞ்சு மாசம் ஆவும்."

"இருக்கட்டும். இவ்வளவு நாள் திட்டு வாங்கிட்டேன், இன்னும் அஞ்சு மாசம் வாங்க மாட்டேனா." பெருமாள் எந்திரிச்சாரு. வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பினாரு. "அந்த வேப்பமரத்தடிக்கு மட்டும் வந்துராத. அங்க ஒரு பிள்ளைய டைப் அடிக்க வச்சிருக்கேன், உன்னப் பாத்தா அது பயந்துரும். எதிர்ல ஜெராக்ஸ் கடை வாசல்ல எடம் கெடக்கு. வெயில் மண்டையப் பொளக்கும்."

"பொளக்கட்டும்."

"இன்னொண்ணு. உன் வீட்டம்மா எதுக்குக் கொல்லை வழியா போயிட்டு வருது? அதுவா தூக்கிப் போட்டுச்சு?"

சொல்லிட்டுப் போயிட்டாரு. அருமைராஜ் அவரை கேட் வரைக்கும் கூட்டிக்கிட்டுப் போனாரு.

மாசானம் நாற்காலியிலேயே இருந்தாரு. மொகத்துல நூறு வாட் பல்பு எரியுது. திடீர்னு அணைஞ்சுச்சு. என்னமோ ஞாபகம் வந்தவரு மாதிரி டீச்சர் பக்கம் திரும்பினாரு.

"டீச்சர்."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"இவ்வளவு பேசினான். ஜெராக்ஸ் கடை வரைக்கும் பேசினான். நான் நாலு வருஷமா காத்துக் கெடந்த அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமலே போயிட்டானே. மன்னிச்சேன்னு சொல்லலியே."

டீச்சர் சோத்து டப்பாவைப் பையில வச்சு, பையைத் தோள்ல மாட்டினாங்க.

"இந்தத் தடவை நீங்க கேக்கவே இல்லியே அண்ணாச்சி."